ஊற்றைத் தேடிச் சென்ற ஊழியம்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறுமலையின் அடிவாரத்தில், காந்திகிராமத்தில் நாம் இன்று கூடியிருக்கிறோம். பல ஊர்களிலிருந்தும் பேருந்திலும் ரயிலிலும் வந்திருக்கிறீர்கள். உங்கள் காணிக்கைகளாலும் ஜெபங்களாலும் மருத்துவ ஊழியத்தைத் தாங்கி வருகிறவர்கள் நீங்கள். எனவே உங்களோடு சேர்ந்து ஒரு கேள்வியைச் சிந்திக்க விரும்புகிறோம். நோயாளியைக் குணமாக்குவது நம் ஊழியம் என்கிறோம். அந்த நோயாளி குடிக்கிற கிணறு நோய்ப்பட்டிருந்தால், அதைக் குணமாக்குவது யாருடைய ஊழியம்?

வேதத்தில் எரிகோ பட்டணத்தாரின் கதையை நாம் அறிவோம். ஊர் நல்ல இடத்தில் இருந்தது. ஆனால் தண்ணீர் கெட்டுப் போயிருந்தது. நிலமும் பயன் தரவில்லை. அந்த ஊர் மனிதர் எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து முறையிட்டார்கள். அவர் என்ன செய்தார்? ஊருக்குள் ஒவ்வொரு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. தண்ணீர் புறப்படுகிற ஊற்றுக்கே நடந்து போனார். அங்கே ஆண்டவருடைய நாமத்தில் அதைச் சரிசெய்தார். அதன்பின் ஊர் தானாகவே பிழைத்தது.

ஊற்றுக்கு நடந்து போவது எளிதான காரியம் அல்ல. ஊருக்குள் மருந்து கொடுப்பவரை எல்லாரும் வாழ்த்துவார்கள். ஊற்றைப் பற்றிக் கேள்வி கேட்பவரைச் சிலர் விரோதிப்பார்கள். அப்படி நடந்து போன ஓர் ஆயரை இந்தக் காந்திகிராம மண் அறிந்திருக்கிறது. அவர்தான் அருட்திரு ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் ஐயர்.

கெய்தான் ஐயர் 1898இல் அமெரிக்காவில் பிறந்தவர். காங்கிரிகேஷனல் சபையின் குருவாக அபிஷேகம் பெற்றவர். 1925இல் அமெரிக்கன் மதுரை மிஷனின் ஊழியராக நம் பகுதிக்கு வந்தார். 1834இலேயே தொடங்கப்பட்ட அந்த மிஷனுக்குப் பள்ளிகளும், மருத்துவமனைகளும், பங்களாக்களும் இருந்தன. வந்த இளம் ஆயர் பங்களாவோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது. ஆனால் அவர் கிராமத்து ஏழையின் குடிசையைப் பார்த்தார். இந்த ஏழ்மை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அந்தக் கேள்வி அவரைக் காந்தியடிகளிடம் கொண்டு சென்றது. கதர் உடுத்தத் தொடங்கினார்.

1930ஆம் ஆண்டு உப்பு சத்தியாக்கிரகத்தின் காலம். காந்தியடிகள் வைஸ்ராய் இர்வின் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தை நேரில் கொண்டு போய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர். அந்த இளைஞரைக் கெய்தான் ஐயர் மதுரையில் தம் வீட்டில் விருந்தினராக ஏற்றுக்கொண்டார். விருந்தோம்பல் கிறிஸ்தவனுக்குக் கடமை அல்லவா? ஆனால் அன்றைய அரசாங்கத்துக்கு அது குற்றமாகத் தெரிந்தது. ஆளும் அரசுக்கு விசுவாசமாக நடப்போம் என்று வாக்குறுதி கொடுத்த பிறகே வெளிநாட்டு மிஷனெரிகள் இங்கே ஊழியம் செய்ய முடிந்த நாட்கள் அவை. ஐயர் இந்தியாவை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தார். மறுபடியும் ஏழைகளிடையே குடியிருந்தார். 1944இல் இரண்டாம் முறையாக நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். 1947இல் சுதந்திர இந்தியாவுக்கு மீண்டும் வந்து சேர்ந்தார். இரண்டு முறை வெளியேற்றப்பட்டவர் மூன்றாம் முறையும் வந்தார் என்றால், அவருக்கு இந்த மக்கள் மேல் இருந்த பாரம் எப்படிப்பட்டது என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். அவருடைய துணைவியார் மில்ட்ரெட் அம்மையார் ஒரு மருத்துவர். ஆயரும் மருத்துவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஆத்துமாவையும் சரீரத்தையும் பிரித்துப் பார்க்க அந்த வீட்டில் இடம் இல்லை.

அதே 1947இல்தான் காந்திகிராமம் பிறந்தது. டாக்டர் சௌந்தரம் அம்மாவும் அவருடைய கணவர் டாக்டர் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் இதை நிறுவினார்கள். சௌந்தரம் அம்மா டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதில் விதவையாகி, பின் டில்லியில் மருத்துவம் படித்து 1936இல் பட்டம் பெற்றவர். பெரிய நகரத்தில் பெரிய மருத்துவராக இருந்திருக்கலாம். அவரோ சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து கஸ்தூரிபா மருத்துவமனை ஆயிற்று. கிராமத்தில் நோயைத் தடுப்பது எப்படி, தாயையும் சேயையும் காப்பது எப்படி என்று ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க 1964இல் கிராம சுகாதார நிறுவனமும் ஏற்பட்டது. இந்தக் கூட்டு முயற்சியில் கெய்தான் ஐயரும் ஒரு தோழராக இருந்தார். ஓர் இந்து மருத்துவரும் ஒரு கிறிஸ்தவ ஆயரும் ஒரே கிராமத்துக்காக உழைத்தார்கள்.

அக்காலத்தில் நம் பகுதிக் கிறிஸ்தவர்களிடையே இப்படிப்பட்ட சிந்தனை வேறு இடங்களிலும் இருந்தது. தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பொருளாதாரம் படித்த அவர், தம் கடைசி ஆண்டுகளை தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து 1960இல் காலமானார். இயற்கை தருவதில் இரண்டு வகை உண்டு என்று அவர் விளக்கினார். நிலக்கரி, பெட்ரோல் போல எடுக்க எடுக்கத் தீர்ந்து போவது ஒன்று. பராமரித்தால் ஆண்டுதோறும் மீண்டும் கிடைத்துக்கொண்டே இருப்பது மற்றொன்று. நிலத்தடி நீரையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மழை பெய்து ஊறுகிற அளவுக்கு இறைத்தால் கிணறு ஒரு தலைமுறைச் சொத்து. அதில் விஷத்தைக் கலந்துவிட்டால், எவ்வளவு மழை பெய்தாலும் பேரப்பிள்ளைகளுக்குக் கடன்தான் மிஞ்சும்.

இப்போது திண்டுக்கல்லுக்கு வருவோம். தோல் பதனிடுவது இங்கே பழைய தொழில். தோல்ஷாப்பு என்று நாம் சொல்லுகிற அந்த இடங்களில் முன்பெல்லாம் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளைக் கொண்டு பதனிட்டார்கள். பிற்காலத்தில் குரோமிய உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது, ஏற்றுமதியும் பெருகியது. ஆனால் கழிவு மாறிவிட்டது. தோல் கெட்டுப் போகாமல் இருக்க முதலில் உப்பைத் தடவுகிறார்கள். பிறகு அந்த உப்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். ரோமத்தை நீக்கச் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். அதன்பின் குரோமியம். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் வாய்க்காலிலும் தரையிலும் விடப்பட்டால் எங்கே போகும்? கிணற்றுக்குத்தான் போகும்.

அப்படியே போயிற்று. பீஸ் என்ற தொண்டு அமைப்பினர் திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களுக்குப் போய்க் கிணறுகளை எண்ணினார்கள். குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட கிணறுகள் 467. அவற்றில் 350 கிணறுகள் கெட்டுப் போயிருந்தன. நான்கில் மூன்று, சகோதரரே! பெண்களும் பிள்ளைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடந்தார்கள்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் பாலாற்றுப் பகுதிக்காகத் தொடுத்த வழக்கில் இந்தக் கணக்கும் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பைக் கொடுக்க வேண்டும் என்றும், தீங்கு வரக்கூடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்றும், தன் தொழிலால் கேடு இல்லை என்று காட்டுவது தொழில் செய்பவரின் பொறுப்பு என்றும் நீதிபதிகள் கூறினார்கள். இவையெல்லாம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்தார்கள். திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட அன்றைய 5 மாவட்டங்களில் இருந்த தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் ரூ. 10,000 அபராதம் கட்ட வேண்டும் என்றும், சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாதவை இயங்கக் கூடாது என்றும் ஆணை பிறந்தது. கிராமத்துப் பெண்ணின் குடம் டில்லி வரைக்கும் போய்ப் பேசியது என்று சொல்லலாம்.

கெய்தான் ஐயர் இதைக் காண உயிரோடு இல்லை. சௌந்தரம் அம்மாவும் அவரும் 1984ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்கள். ஆனால் ஐயர் விதைத்த விதை அதே 1996இல் மற்றொரு வழக்கில் கனி கொடுத்ததைப் பார்க்கிறோம்.

இளைஞராக இருந்தபோது ஐயரோடு சேர்ந்து ஏழைகளிடையே உழைத்தவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1950இல் அவர் மணந்துகொண்ட கிருஷ்ணம்மாள் இந்தத் திண்டுக்கல் சீமையில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். சௌந்தரம் அம்மாவின் ஆதரவைப் பெற்று வளர்ந்தவர். இருவரும் வினோபா அடிகளின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தார்கள். 1968 டிசம்பர் 25ஆம் தேதி, நாம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அதே நாள் இரவில், கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசையில் எரிக்கப்பட்ட கொடுமைக்குப் பின், அவர்கள் கீழத்தஞ்சைக்குப் போய் அந்த மக்களோடு தங்கினார்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, உழுகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களின் பெயரில், நிலம் கிடைக்கச் செய்தார்கள்.

நிலம் கிடைத்தது. ஆனால் 1990களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. கடல்நீரை உள்ளே கொண்டுவந்து குளம் குளமாகத் தேக்கினார்கள். உப்பு பக்கத்து வயலுக்கு இறங்கியது. குடிநீர்க் கிணற்றுக்கும் இறங்கியது. வயலில் நூறு பேர் நட்டு அறுத்த இடத்தில், குளத்துக்கு ஒரு சில காவல்காரர்கள் போதும். நிலமும் போய், தண்ணீரும் போய், கூலியும் போயிற்று. எண்பது வயதான ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11ஆம் தேதி தீர்ப்பு கிடைத்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் கட்டிய இறால் குளங்களை இடிக்க வேண்டும், வேலை இழக்கும் தொழிலாளருக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும், கெட்ட நிலத்தைச் சீர்செய்யும் செலவைக் கெடுத்தவரே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டது நீதிமன்றம்.

இங்கே எரிகோவின் ஊற்றை மறுபடியும் நினைக்கிறோம். அங்கே தீர்க்கதரிசி ஊற்றில் போட்டதும் உப்புதான். அந்த உப்பு தண்ணீரை நல்லதாக்கியது. திண்டுக்கல் கிணற்றிலும் கீழத்தஞ்சை வயலிலும் இறங்கியதும் உப்புதான். அது தண்ணீரைக் கெடுத்தது. ஒன்று ஊர் பிழைப்பதற்காக. மற்றொன்று சிலருடைய லாபத்துக்காக, ஊரைக் கேட்காமல். சுற்றுச்சூழல் நீதி என்ற பெரிய சொல்லுக்கு எளிய அர்த்தம் இதுதான். லாபம் ஓரிடத்துக்கும் கழிவு இன்னோரிடத்துக்கும் போகக் கூடாது. கழிவு எப்போதும் ஏழையின் பக்கமே ஒதுக்கப்படக் கூடாது.

தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடலாகாது. 2005இல் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி இறால் பண்ணைகள் பதிவு பெற்று நடக்க வழி ஏற்பட்டது. ஜெகந்நாதன் ஐயா 2013 பிப்ரவரியில் இதே காந்திகிராமத்தில் கண்களை மூடும்வரை அந்தப் பாரம் அவரைவிட்டு நீங்கவில்லை. தோல் தொழிலிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. அது நல்ல காரியம். ஆனால் சாதாரணச் சுத்திகரிப்பு அழுக்கை எடுக்குமே தவிர, கரைந்த உப்பை எடுக்காது. அதற்குச் செலவு அதிகமான வேறு முறை தேவை. நிலத்துக்குள் ஒருமுறை இறங்கிய உப்பு நீதிமன்ற ஆணையைப் படித்துவிட்டு வெளியே வந்துவிடுவதும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். தோல்ஷாப்பில் வேலை செய்கிறவர்களும் நம் மக்களே. தலித் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன. குரோமியத்தில் கைவைத்து வேலை செய்கிறவருக்குத் தோலில் அரிப்பும் ஆறாத புண்ணும் வருகின்றன. ஷாப்பு மூடப்பட்டால் அவர் அடுப்பு எரியாது. மூடாவிட்டால் அவர் கை ஆறாது. இப்படிப்பட்டவரிடம் போய், ‘இந்த வேலையை விட்டுவிடுங்கள்’ என்று சொல்வது எளிது. கையுறை கிடைக்கவும், சுத்திகரிப்பு ஒழுங்காக நடக்கவும், வேலை போனால் ஈட்டுத்தொகை வரவும் அவரோடு நின்று கேட்பதே ஊழியம். விவசாயியின் கிணறும் தொழிலாளியின் கூலியும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நம்பவைப்பவர்களுக்கு நாம் செவிகொடுக்கக் கூடாது. நீதி என்றால் இருவருக்கும் நீதி.

அன்பான நண்பர்களே, இதற்கும் மருத்துவ ஊழியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு தாய் வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் கொடுத்துக் குழந்தையைப் பிழைக்க வைக்கிறார். தேவனுக்கு ஸ்தோத்திரம். குழந்தை வீட்டுக்குப் போகிறது. வீட்டில் நல்ல தண்ணீர் நாளுக்கு இரண்டே குடம். அதில் சமைப்பதா, குடிப்பதா, கை கழுவுவதா? கை கழுவுவதுதான் முதலில் குறையும். அடுத்த மாதம் அதே குழந்தை, அதே படுக்கை. நீங்கள் அனுப்பின காணிக்கை இரண்டு முறை செலவாகிறது. நோயோ அப்படியே இருக்கிறது.

ஆகவே, மருத்துவமனைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறோம். உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? நீங்கள் உழுகிற நிலம் யாருடையது? நோய்ச் சீட்டில் இந்த மூன்று பதில்களும் எழுதப்பட்டால், ஒரே ஊரிலிருந்து ஒரே நோயோடு பத்துப் பேர் வரும்போது ஊற்று எங்கே கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். பீஸ் அமைப்பினர் பெரிய கருவிகளோடு தொடங்கவில்லை. கிணறுகளை எண்ணித்தான் தொடங்கினார்கள். எண்ணுவது நம்மாலும் ஆகும்.

உலகத் திருச்சபையும் இந்தத் திசையில் பேசியிருக்கிறது. 1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய நாடுகள், நல்ல குடிநீரும் போதுமான உணவும் அடிப்படைச் சுகாதாரத்தின் பகுதி என்று அறிவித்தன. 1983இல் வான்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம் நீதி, சமாதானம், சிருஷ்டியின் முழுமை ஆகிய மூன்றையும் ஒரே ஊழியமாகச் சேர்த்துக்கொள்ளச் சபைகளை அழைத்தது. ஆனால் வான்கூவருக்கு முன்பே காந்திகிராமத்தில் ஓர் ஆயர் கதர் உடுத்திக்கொண்டு அந்த மூன்றையும் ஒன்றாகவே செய்துவந்தார்.

உங்களிடம் நாங்கள் வேண்டிக்கொள்வது சிறியதே. உங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வரும்போது, விளைச்சலைப் பீடத்துக்குக் கொண்டு வருகிறவர்களிடம் அது எந்தத் தண்ணீரில் விளைந்தது என்றும் விசாரியுங்கள். உங்கள் ஊர்க் கிணற்றின், கண்மாயின் நிலையைப் பெண்கள் ஐக்கிய சங்கமும் வாலிபர் சங்கமும் ஒரு நாள் நடந்து பார்த்து எழுதட்டும். மாசு கண்டால் பஞ்சாயத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கையெழுத்திட்டு மனுக் கொடுங்கள். ஒரு மருத்துவ ஊழியத்துக்குக் காணிக்கை அனுப்பும்போது, ‘எத்தனை படுக்கைகள்?’ என்று கேட்பதோடு, ‘எத்தனை ஊர்களின் தண்ணீரைப் பார்த்தீர்கள்?’ என்றும் கேளுங்கள். கொடுக்கிறவர் கேட்கத் தொடங்கினால் ஊழியம் செய்கிறவர் நடக்கத் தொடங்குவார்.

அப்படி நடந்தால் எல்லாரும் நம்மைப் பாராட்டமாட்டார்கள். கெய்தான் ஐயரை இரண்டு முறை கப்பலேற்றி அனுப்பினார்கள். ஆனாலும் அவர் திரும்பி வந்தார். இன்று அவரை அனுப்பின அதிகாரிகளின் பெயர் நமக்கு நினைவில்லை. அவரோடு நடந்தவர்கள் பெற்றுத்தந்த தீர்ப்பும், மீட்டுத்தந்த நிலமும் நினைவில் இருக்கின்றன. 1989இல் பத்மஸ்ரீ விருதும், 2020இல் பத்மபூஷண் விருதும் பெற்ற கிருஷ்ணம்மாள் அம்மா, எந்த நிலமும் இல்லாத வீட்டிலிருந்து புறப்பட்டவர் என்பதையும் மறவாதிருப்போம்.

பரலோகப் பிதா சிருஷ்டித்த தண்ணீர் எல்லாருக்கும் உரியது. அதைக் கெடாமல் காப்பதும், கெட்டதைச் சீர்செய்வதும், கெட்டதால் வாடுகிறவர்களைத் தாங்குவதும் நமக்கு ஒரே கட்டளை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நம் சகோதரிகளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். ஜெபித்து முடித்ததும், அவர்கள் நடக்கிற தூரத்தை ஒருமுறை கூடவே நடந்து பாருங்கள். கர்த்தர் உங்களையும், உங்கள் வீட்டாரையும், உங்கள் ஊர் ஊற்றுகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.